சுண்டுவிரல் நகமளவு

இறால் வாங்குவதென்றால் வெள்ளவத்தைச் சந்தைக்குக் காலை ஏழு மணிக்கு முன்னரே போய்விட வேண்டும். ஏழுக்குப் பிறகு கிடைப்பது முதல்நாள் ஐசில் கிடந்தது. தலை கறுத்திருக்கும், தோல் தானாகக் கழன்று வரும். மனிதர் தின்னலாம்; மிளகாய்த்தூளும் புளியும் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. கடலடிக் கல்லில் ஒட்டி வாழ்கிற சீவனான அனிமனிக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

நீதவான் ஐயா, யோசித்துப் பார்க்கச் சொல்லி நேற்று நீங்கள் எனக்கு ஒருநாள் அவகாசம் தந்தீர்கள். பொலிசார் அடித்தார்களா, வெருட்டினார்களா என்றும் கேட்டீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை என் சொந்த விருப்பத்தில்தான் சொல்கிறேன். பக்கத்திலிருந்து எழுதுகிற நீதிமன்ற முதலியார் தம்பி ஆறுதலாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. அவசரம் மாளிகாவத்தையில், நபீசின் வளர்ப்புமீன் கடையில், ஒரு சின்னத் தொட்டிக்குள் இருக்கிற ஒன்றுக்குத்தான். முதலில் பத்து ரூபாய் நாணயக் குற்றியளவாக இருந்த அனிமனித் துண்டு அது. பொலிசார் அதை அவனுடைய பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அவன் அதைப் பட்டினி போடுகிறான். அதற்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கும்படி நீங்கள் ஓர் உத்தரவு போட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். எனக்கு என்ன விதிக்க வேண்டுமோ அதை விதியுங்கள்.

என் பெயர் சிவபாதசுந்தரம். வயது அறுபத்தாறு. கொழும்பில் ஒரு பாடசாலையின் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளனாக இருந்தேன். ஆசிரியன் அல்ல, கரைசலின் நிறத்தைப் பார்த்து ஆசிரியர்மார் தடுமாறும்போது கூப்பிடுகிற ஆள். “சிவம் அண்ணை, இது பச்சையோ மஞ்சளோ, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்பார்கள். சோதனைக் குழாயை யன்னலடிக்குக் கொண்டுபோவேன். பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். நான் சொன்னால் சொன்னதுதான். முப்பத்தொரு வருஷத்தில் நிறத்தில் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. பிழைவிடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமையும் இருந்ததில்லை.

எங்கள் ஃபிளாற் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில். யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பகல் இரண்டு மணிக்குப் பிறகு வெயில் கடலில் பட்டு நேரே கூடத்துக்குள் அடிக்கும். கண் கூசும். தொட்டியில் பாசி பிடித்துவிடும் என்று அந்நேரம் திரைச்சீலையை இழுத்துவிடுவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நான் இரக்கம் தேடிச் சொல்லவில்லை. கூடத்தில் நாலடித் தொட்டி வைக்க இடமிருந்தது, அதற்காகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னர் அந்த அனிமனியை நபீசின் கடையில்தான் வாங்கினோம். அப்போது அது ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு. கல்லொன்றில் ஒட்டியிருந்தது, கல்லோடேயே தந்தான். கூடவே புத்தியும் சொன்னான்.

“அங்கிள், ரெண்டே ரெண்டு விஷயம். செம்பு பட வாணாம், பட்டாச் செத்துரும். தீன் கூடப் போட வாணாம், கிழமைக்கு ரெண்டு தரம் போதும். கூடப் போட்டாக் கக்கிரும். கக்கினது தண்ணிக்குள்ள அழுகி அம்மோனியா ஏறும். அதுலயும் செத்துரும்.”

இரண்டையும் பரிசோதிக்கச் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளும் விற்றான். தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து ஐந்து துளி விட வேண்டும். செம்பு இருந்தால் நீலம். மற்றக் குப்பி அம்மோனியாவுக்கு: நல்ல தண்ணீரென்றால் மஞ்சள், கெட்டதென்றால் பச்சை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. மயில்துத்தக் கரைசலை வாளி வாளியாகக் கலக்கியவனுக்கு ஐந்து துளி.

நபீஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் என் மனைவி பத்மாவதி. ஞாயிறும் வியாழனும். சுண்டுவிரல் நகமளவு இறால், அதற்கு மேல் ஒரு தும்பும் இல்லை. தண்ணீர் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவாள், நீண்ட இடுக்கியால் துண்டைப் பிடித்து உள்ளே இறக்குவாள். முடிந்ததும் நகைக்கடைக் கலண்டரில் அந்தத் திகதியில் நீலப்பேனையால் ஒரு சரி போடுவாள். அனிமனி என்ற சொல் அவளுடைய வாயில் வராது. பூ என்பாள். “பூவுக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்.”

பூ அல்ல அது. விரிந்தால் ஒரு சோற்றுப் பீங்கான் அகலத்துக்கு வந்துவிட்டது. மண்ணிறக் கைகள், நுனியில் ஊதா. இறாலை ஒரு கை தொட்டதும் மற்றக் கைகளும் வந்து ஒட்டும், வளையும், நடுவிலுள்ள வாய்க்குக் கொண்டுபோகும். கண் இல்லை, மூளை இல்லை. பிடித்ததை விடாத குணம் மட்டும் உண்டு. ஒருமுறை ஒரு நீலமீன் கவனமில்லாமல் அதன்மேல் திரும்பியது. கைகள் பட்ட இடமெல்லாம் அதற்கு வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்தது. தலையிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போனது. பாதி போன பிறகும் வால் வெளியே நின்று துடித்துக்கொண்டிருந்தது. பத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான் கதிரையை இழுத்துப்போட்டுக் கடைசிவரை பார்த்தேன். இவள் கொடுக்கிற நகமளவு அதற்கு எந்த மூலைக்கு என்று அன்றைக்கு விளங்கியது. பன்னிரண்டு வருஷமாக என் வீட்டில் ஒரு சீவன் அரை வயிற்றோடு கிடந்திருக்கிறது.

அதற்கு ஒரு கெடுதல் வந்தால் நான் விடுவதில்லை. ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன் அதன் கைகளைக் கொத்தித் தின்னப் பழகியது. வலையால் பிடித்துக் கழுவுதொட்டியில் வைத்து, தேக்கரண்டியின் பின்பக்கத்தால் அமத்தினேன். நடுவில் அமத்தினேன். தலையில் அமத்தினால் உடனே முடிந்துவிடும். அந்த மீன் பார்த்த வேலைக்கு அது காணாது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒரு செவ்வாய்க்கிழமை. நானே ஒரு முழு இறாலை உரித்துக்கொண்டு போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். பத்மா ஓடிவந்து கையை உள்ளே விட்டு இடுக்கியைப் பிடித்தாள். “இஞ்சாருங்கோ, இண்டைக்கு நாளில்லை. அதுக்குச் செமிக்காது” என்றாள். மூடி கண்ணாடி, நல்ல தடிப்பு. நான் அதை இறக்கினேன். அவளுடைய மணிக்கட்டு இடையில் இருந்தது எனக்குத் தெரியும். திரும்பவும் தூக்கி, இரண்டாம் தரமும் இறக்கினேன். முதல் தரம் சத்தம் வரவில்லை, இரண்டாம் தரம் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவளே சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு கிழமை மாவுக்கட்டு. அந்த ஆறு கிழமையும் ஞாயிறும் வியாழனும் இடக்கையால் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் தலையிடவில்லை. வீட்டில் சண்டை பிடிக்கிற ஆள் அல்ல நான்.

இனித் தயாபரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்மாவின் தம்பி. ஐம்பத்திரண்டு வயது, கோண்டாவிலில் தனியாக இருந்தவன். கலியாணம் கட்டவில்லை. பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைக்காதவன். காலையும் மாலையும் திருநீறு பூசித் தேவாரம் பாடாமல் தண்ணீரும் குடிக்க மாட்டான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கொழும்பில் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று மின்சாரத்தை வெட்டினார்களே, அந்தநாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்றுப் போய்விடும். பத்மா தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து அரிசி அளக்கிற சுண்டால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெலிபோனில் அதைக் கேட்டுவிட்டு, பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்பி ஒன்றை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி வாங்கி, பஸ்ஸில் கொடுத்துவிட்டான். அந்தப் பம்பிதான் அனிமனியைக் காப்பாற்றியது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் கெட்டவன் என்று நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

இந்த வருஷம் சித்திரை முடிகிற நேரம் பத்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பேச்சு வரவில்லை, பிறகு போய்விட்டாள். அவளைச் சேர்த்த முதல்நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் நான் செய்த வேலை தொட்டியின் மூடியைத் திறந்ததுதான். முழு இறால் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. அடுத்தநாளும் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் இரண்டு. பத்து நாளில் அது ஊதிப் பெருத்து, கல்லையே மூடிக்கொண்டு நின்றது. பத்மா பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த தயாபரன் திரும்பிப் போகவில்லை. “அத்தான் தனிச்சுப் போனார்” என்று சொல்லி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை என்னோடு நின்றான். சமைத்தான், என் சாரங்களைத் தோய்த்தான், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினான். துடக்கு வீட்டில், சாவுத் தீட்டுக் கழியும்வரை, முப்பத்தொரு நாளும் மச்சம் சேர்க்க முடியாதென்பது உங்களுக்குத் தெரியும். நான் இறாலை மாஜரின் டப்பாவில் போட்டு பிறிட்ஜில் ஐஸ்கட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஐந்தாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். கையில் டப்பாவோடு வந்து நின்றான். கோபம் ஒன்றும் இல்லை.

“ஒளிக்காதேங்கோ அத்தான். வாயில்லாச் சீவனுக்கென்ன துடக்கு. அக்கா ஆசையா வளர்த்தது. முடிஞ்சால் சொல்லுங்கோ, நான் வாங்கியாறன்.”

போனான் ஐயா. வாழ்க்கையில் மீன்கடை வாசலை மிதிக்காத மனிசன், வெள்ளவத்தைச் சந்தைக்கு விடிய ஆறரைக்குப் போய், சொப்பிங் பையை உடம்பில் முட்டாமல் கையை நீட்டிப் பிடித்தபடி இறால் வாங்கிக்கொண்டு வந்தான். வந்து தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் பூசைக்கு இருந்தான். பத்து நாளுக்கு மேல் அப்படி நடந்தது. பிறகு ஒருநாள் கலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டான்.

“அத்தான், அக்கா கிழமைக்கு ரெண்டு நாள் எண்டெல்லோ சரி போட்டிருக்கிறா. நீங்கள் ஒவ்வொரு நாளும் குடுக்கிறியள் போல கிடக்கு.”

“உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?” என்றேன்.

“ஒண்டும் தெரியாது அத்தான். தண்ணி ஒருமாதிரிப் பால் போல இருக்கு, அதான் கேட்டனான்.”

தண்ணீர் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. ஆட்கள் வந்து போகிற வீடு, சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, எல்லாம் தண்ணீரில் இறங்கும். அனிமனி சில நாள் வாங்கிய இறாலைத் திரும்பக் கக்கியது. வெள்ளைச் சளி போல ஏதோ நூல் நூலாக வந்தது. வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் எந்தச் சீவனுக்கும் சாப்பாடு இறங்காது. நான் கக்கியதை எடுக்காமல், பசித்தால் தின்னட்டும் என்று அதிலேயே விட்டு, புதுத் துண்டும் கொடுத்தேன். அந்தியேட்டியன்று விடிய நான் பார்த்தபோது அது சுருங்கி, வாய் திறந்தபடி, கசக்கிப்போட்ட சீலைத்துண்டு மாதிரி இருந்தது. அந்தியேட்டி நாள், ஆயிரம் வேலை, அதற்கும் களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் முகத்துவாரத்தில் கிரியை. அங்கே நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். ஐயர் கும்பம் வைத்துப் புண்ணியவாசனம் செய்து, மாவிலையால் அறை அறையாகத் தண்ணீர் தெளித்தார். அதோடு வீட்டின் துடக்குக் கழிந்தது. நான் ஐயரைக் கூட்டிக்கொண்டு கீழே போய் ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டு வந்தேன். கதவைத் திறந்தபோது தயாபரன் தொட்டியின் மூடியைத் தூக்கியபடி நின்றான். மற்றக் கையில் கும்பத்துச் செம்பு. செம்பு என்றால் சுத்தச் செம்பு, ஐயா. காலையில் புளி போட்டு விளக்கினவன் அவனேதான். தேசிக்காய் மிதந்த தண்ணீர். கடைசி மிச்சத்தை, ஒரு அரைத் தம்ளர் இருக்கும், தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் சிரித்தான். “மிச்சத் தீர்த்தம் அத்தான். அக்காவின்ர பூவுக்கும் துடக்குக் கழியட்டும்.”

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள், சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தது. நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். செத்தவீட்டு வழக்கப்படி ஒருவரும் போயிட்டு வாறன் என்று சொல்லாமல் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒன்றரை மணிக்கு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அப்போது அனிமனி பிரியத் தொடங்கியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து சாம்பல்நிறச் சளியாகத் தண்ணீரில் எழும்பின. உள்ளே இருந்ததெல்லாம் வாய்வழியாக வெளியே வந்தது. அறை முழுக்க ஒரு நாற்றம். பன்னிரண்டு வருஷம், ஐயா. தயாபரன் வந்து பார்த்தான், பார்த்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

“ஐயோ அத்தான், நான்தான் பிழை விட்டிட்டனோ? அந்தத் தண்ணி ஒத்துவராதோ?”

“செம்பு நஞ்சு. நபீஸ் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னமே சொன்னவன்” என்றேன்.

“அப்ப நான்தானே அத்தான்.”

“ஓம். நீதான்” என்றேன்.

சின்னப் பிள்ளை போல அழுதான். அக்கா செத்ததற்கு அவன் அப்படி அழவில்லை. “அக்காவுக்கு என்ன பதில் சொல்லப்போறன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அதைக் கேட்க ஒரு ஆறுதல் இருந்தது, மறைக்க மாட்டேன். அழுது களைத்து, தொட்டிக்கு முன்னால் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு படுத்தான். முப்பத்தொரு நாள் ஓடித் திரிந்த உடம்பு, உடனே நித்திரையாகிவிட்டான். எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது, அதை முடித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மணிக்குச் சற்று முந்தி, இரண்டு கையாலும் கல்லைத் தொட்டிக்குள் இருந்து தூக்கினேன். அனிமனி ஒட்டியிருந்த அதே கல். நாலு கிலோ இருக்கும். அதில் இன்னும் சளி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் சொட்டினால் எழும்பிவிடுவான் என்று ஒரு துவாயில் பிடித்துக்கொண்டு அவனுடைய தலைமாட்டுக்குப் போனேன். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெஞ்சளவு உயரத்தில் இருந்து கல்லை இறக்கினேன்.

அது கொஞ்சம் விலத்திவிட்டது. காதுக்கு மேல் பட்டது. அவன் எழும்பி உட்கார்ந்தான். முகத்தின் ஒரு பக்கம் முழுக்க இரத்தம். என்னைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.

“அத்தான், கல்லு விழுந்திட்டுது” என்றான். “உங்கட காலில பட்டதோ?”

இல்லை என்றேன். திரும்பப் படு என்றேன். படுத்தான், ஐயா. சொன்னதைக் கேட்கிற பிறவி. இரண்டாம் தரம் நேரே நெற்றியில் இறக்கினேன். அவனுடைய கை எழும்பி என் சாரத்தைப் பிடித்தது, இறுக்கிப் பிடித்தது. விரல்களைக் கல்லின் விளிம்பால் தட்டி விடுவித்தேன். மூன்றாம் தரத்தோடு கால்கள் பாயில் தேய்ப்பது நின்றது. அதற்குப் பிறகும் ஐந்தாறு தரம் இறக்கியிருக்கிறேன். தேவையில்லை என்று தெரிந்துதான் செய்தேன். முகம் முகமாக இருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. கண்ணைத் திறந்து ஏதாவது கேட்பான் போல் இருந்தது.

பிறகு கல்லைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் வைத்துக் கழுவினேன். அப்போதுதான் அதைக் கண்டேன். கல்லின் அடியில், ஒரு பொந்துக்குள், பத்து ரூபாய்க் குற்றியளவு சதை. தாய் அனிமனி சாகிறபோது அடிப்பாதத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. தொட்டேன், சுருங்கியது. உயிரோடு இருந்தது. மேலே தலைமயிர் ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து அதை வைத்தேன். தயாபரன் அனுப்பிய அந்தப் பற்றரிப் பம்பியை அலுமாரியில் இருந்து எடுத்துப் பொருத்தினேன். வேலை செய்தது. நல்ல சாமான் வாங்கி அனுப்பியிருக்கிறான்.

முன் வீட்டுச் சாமினி தன்னுடைய பெரிய சட்டியைக் கேட்டு மூன்றரைக்கு வந்தது. கதவைத் திறந்து சட்டியைக் கொடுத்தேன். கழுவித்தான் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை எனக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியைப் போட்டுவிட்டது. பொலிசுக்குச் சொன்னது அந்தப் பிள்ளைதான். அவர்கள் வரும்வரை நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

இதுதான் நடந்தது. தயாபரனைக் கொன்றது நான். அனிமனியைக் கொன்றது தயாபரன். ஒன்றுக்கொன்று சரி.

நீங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள். தெரியும். குசினி மேடையில் இரண்டு சோதனைக் குழாய்கள். பொலிஸ்காரர் அதை எடுத்தபோதே நினைத்தேன், நீங்கள் கேட்பீர்கள் என்று. அதுதான் நான் சொன்ன அந்தச் சின்ன வேலை. இரண்டரை மணி இருக்கும், அவன் நித்திரை. தொட்டித் தண்ணீரை இரண்டு குழாயிலும் எடுத்தேன். முதலாவதில் செம்பு மருந்து ஐந்து துளி. நீலம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். குழாய் வெறும் தண்ணீர் போலத் தெளிவாகவே இருந்தது. நாலடித் தொட்டித் தண்ணீரில் அரைத் தம்ளர் எங்கே தெரியப்போகிறது. இரண்டாவதில் அம்மோனியா மருந்து. அது துளி விழுந்த உடனேயே பச்சையாகிவிட்டது. மருந்துப் பெட்டியோடு வந்த நிற அட்டையில் கடைசியாக உள்ள பச்சை அல்ல, அதற்கும் மேலே, கறுப்பில் சேர்ந்த பச்சை. ஒருநாளில் வருகிற நிறமல்ல அது என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது.

திரைச்சீலையை முழுதாக இழுத்து ஒதுக்கிவிட்டு, யன்னலடியில், பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். திரும்ப அவனைப் பார்த்தேன். அழுதழுது வீங்கின முகத்தோடு படுத்திருந்தான். எழும்பினால் தொட்டிக்கிட்ட வருவான். இந்தக் குழாய் என்ன அத்தான் என்று கேட்பான். கலண்டரைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான், அவன் அப்படிப்பட்டவன் அல்ல. பார்ப்பான், அவ்வளவுதான். எழுப்பி அவனிடம் எதையும் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

நிறத்தில் நான் ஒருநாளும் பிழைவிட்டவன் அல்ல, ஐயா. அன்றைக்கு வெளிச்சம் போதவில்லை.

இனி அந்தத் துண்டின் காரியம். நேற்றுச் சார்ஜன்ட் நபீசின் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். நபீஸ் தொட்டியின் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறானாம்: ஞாயிறு, வியாழன், சுண்டுவிரல் நகமளவு. அதை முதலில் கிழித்துவிடச் சொல்லுங்கள். நாளாந்தம் கொடுக்க வேண்டும், காலையிலும் பின்னேரத்திலும், கட்டைவிரல் அளவு. கைகள் முளைத்து, தேநீர்ச் சோசர் அளவுக்கு நன்றாக விரிந்திருக்கிறது, சுகமாக இருக்கிறது என்று சார்ஜன்ட் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு இது விளங்காது. அது விரிந்திருப்பது பசியில்.